குளிப்பாட்டியவள் மேல் குற்றமில்லை

நடுராத்திரியில் குழந்தை காதைப் பிடித்துக்கொண்டு வீறிட்டால், வீட்டில் முதலில் எழும் கேள்வி “காலையில குளிப்பாட்டும்போது காதுல தண்ணி போயிடுச்சா?” என்பதுதான். கேட்பவர் மாமியாராக இருக்கலாம், பெற்ற தாயாகவே இருக்கலாம், வெளியூரிலிருந்து போனில் பேசும் நாத்தனாராகவும் இருக்கலாம். தீர்ப்பு மட்டும் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: குளிப்பாட்டியவளுக்குக் கவனம் போதாது. ஒரு மாதம் கழித்து அதே காதுவலி மறுபடி வந்தால் குற்றம் உறுதியாகிவிடும். மூன்றாம் முறை வந்தால் தலைக்கு ஊற்றுவதே நின்றுபோகும், காதில் பஞ்சு ஏறும், பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சிய எண்ணெய் அடுப்பிலிருந்து இறங்கும். இத்தனைக்கும் குற்றச்சாட்டு உடலமைப்பின் முன்னால் ஒரு நிமிடம்கூட நிற்காது. காது மடலிலிருந்து உள்ளே போகும் துவாரம் ஒரு முட்டுச்சந்து. அதன் கோடியில் செவிப்பறை என்ற மெல்லிய சவ்வு, மத்தளத்தின் தோல்போல இழுத்துக் கட்டியிருக்கிறது. ஓட்டையில்லாத செவிப்பறையைத் தாண்டி ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது. குழந்தைகளைத் திரும்பத் திரும்பப் படுத்தியெடுக்கும் தொற்று இருப்பதோ பறைக்கு அந்தப் பக்கம், நடுக்காதில். தண்ணீரால் வரும் தொற்றும் உண்டு, மறுப்பதற்கில்லை. அது வெளித் துவாரத்தில் வருவது, காது மடலைத் தொட்டு இழுத்தாலே வலிப்பது. நீச்சல் குளத்தில் கிடக்கும் பெரிய பிள்ளைகளுக்கு அதிகம். கைக்குழந்தைக்கும் இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைக்கும் மாதக்கணக்கில் விட்டுவிட்டு வருவது பெரும்பாலும் வேறு நோய். அதன் வாசல் மூக்கு. இந்த ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டால், எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பொறுத்திருக்கலாம், எதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும் என்ற கணக்கு முழுவதும் மாறிவிடுகிறது.

நடுக்காது என்பது பறைக்குப் பின்னால் காற்று நிறைந்த ஒரு சிற்றறை. அதற்குக் காற்று வருவது மூக்கின் பின்புறத்திலிருந்து ஒரு குழாய் வழியாக. 16ஆம் நூற்றாண்டில் அதை விவரித்த இத்தாலிய உடற்கூற்று அறிஞர் பர்த்தோலோமியோ யூஸ்டாக்கியின் பெயரால் அது யூஸ்டேகியன் குழாய் எனப்படுகிறது. கொடைக்கானல் பேருந்து மலையேறும்போது காது அடைத்து, எச்சில் விழுங்கியதும் ‘டப்’ என்று விடுபடுகிறதே, அது இந்தக் குழாய் திறப்பதுதான். பெரியவர்களிடம் இது ஏறத்தாழ மூன்றரை சென்டிமீட்டர் நீளம், 45 டிகிரி சாய்வு. பிறந்த குழந்தையிடம் நீளம் அதில் பாதி, சாய்வு 10 டிகிரிக்கு அருகில். மொட்டைமாடிக் குழாய்க்கு வாட்டம் வைக்க மறந்த கொத்தனாரின் வேலைபோல, வடிய வேண்டியது வடியாமல் தேங்கி நிற்கும் அமைப்பு. சளி பிடித்தால் இந்தக் குழாயின் உட்சவ்வு வீங்கி வழி அடைபடுகிறது. உள்ளே மாட்டிக்கொண்ட காற்றைத் திசுக்கள் உறிஞ்ச, அழுத்தம் குறைந்து, சவ்விலிருந்து நீர் கசிந்து சேர்கிறது. மூக்கின் பின்புறத்தில் சாதாரண நாட்களில் வம்பு செய்யாமல் குடியிருக்கும் நிமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ், மொராக்செல்லா போன்ற பாக்டீரியாக்கள் அந்த நீரில் பெருகினால் சீழ். சீழின் அழுத்தத்தில் பறை வெளிப்பக்கமாகப் பிதுங்குகிறது. அந்த வலிதான் குழந்தையை எழுப்புகிறது. படுத்த நிலையில் வலி கூடுவதால் நேரமும் ராத்திரியாகவே அமைந்துவிடுகிறது. சில சமயம் பறை தாங்காமல் கிழிந்து, சீழ் தலையணையில் வடிந்து, அழுத்தம் போனதால் வலியும் போய்க் குழந்தை அசந்து தூங்கிவிடும். விடிந்ததும் தலையணை உறையைப் பார்த்து வீடு பதறும்போது பிள்ளை சிரித்துக்கொண்டிருக்கும். அந்தக் கிழிசல் பெரும்பாலும் சில நாட்களிலோ வாரங்களிலோ தானே மூடிக்கொள்ளும். ‘படுக்க வச்சுப் பால் குடுத்தா காதுல சீழ் பிடிக்கும்’ என்று பாட்டிமார் சொல்வதில் வழி பற்றிய கணிப்புத்தான் தவறு. பால் கன்னத்தில் வழிந்து வெளிக்காதுக்குள் இறங்கி நோயாவதில்லை. ஆனால் மல்லாந்து படுத்துப் பால்புட்டி குடிக்கும் குழந்தைகளுக்கு நடுக்காது நோய் அதிகம் என்பதை ஆய்வுகளும் சொல்கின்றன. பால் தொண்டை வழியாக இந்தக் கிடைமட்டக் குழாய்க்குள் எளிதில் எட்டிப்பார்க்கிறது என்பது விளக்கம். பாட்டி பார்த்தது சரி, அவர் காட்டிய கதவுதான் வேறு.

அப்படியானால் மறுபடி மறுபடி வருவது குழந்தைக்கு எதிர்ப்புச் சக்தி இல்லை என்பதன் அடையாளமா? பெரும்பாலும் இல்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் குழந்தைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து கவனித்து 1989இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வில், மூன்று வயதுக்குள் ஐந்தில் நான்குக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு ஒருமுறையாவது நடுக்காதுத் தொற்று வந்திருந்தது. ஏறத்தாழ பாதிப் பேருக்கு மூன்று முறையோ அதற்கு மேலோ. நிமோகாக்கஸ் தடுப்பூசி பரவிய பிறகு, அதே நாட்டின் ராச்செஸ்டர் பகுதிக் குழந்தைகளிடம் நடத்தி 2017இல் வெளியான ஆய்வில் இது 60 விழுக்காடாகவும், மூன்று முறையோ அதற்கு மேலோ வந்தவர்கள் நான்கில் ஒருவராகவும் இறங்கியிருந்தது. வசதியான நாட்டில், தடுப்பூசிக்குப் பிறகும் நான்கில் ஒரு குழந்தை இப்படி அவதிப்படுகிறது என்றால், இதைக் குறைபாடு என்பதைவிட வயது என்பதே பொருந்தும். குழாய் நீண்டு சரிந்து பெரியவர்களின் அளவை எட்ட ஏழு வயதுவரை ஆகும். மூக்கின் பின்னே அதன் வாயை அடைத்துக்கொண்டிருக்கும் அடினாய்டு சதையும் பள்ளிப் பருவத்தின் நடுவில் சுருங்கத் தொடங்கும். மருத்துவர்கள் ‘திரும்பத் திரும்ப வரும் தொற்று’ என்ற பெயரை எளிதில் சூட்டிவிடுவதில்லை. ஆறு மாதத்தில் மூன்று முறை, அல்லது ஓராண்டில் நான்கு முறை வந்து அதில் ஒன்றாவது கடைசி ஆறு மாதத்துக்குள் இருந்தால்தான் அந்தப் பெயர்.

இந்த எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும் என்பதில்தான் நம் ஊரில் பெரிய ஓட்டை. ‘மாசாமாசம் காதுல இன்ஃபெக்‌ஷன்’ என்று வரும் பல பிள்ளைகளுக்கு ஒவ்வொரு மாதமும் வந்தது காதுத் தொற்றுதானா என்பதே சந்தேகம். காதைப் பிடித்து இழுப்பது மட்டும் அறிகுறியாகாது. பல் முளைக்கிற, தூக்கம் வருகிற, தன் காதைப் புதிதாகக் கண்டுபிடித்த குழந்தைகள் எல்லோரும் இழுப்பார்கள். பறை சிவந்திருப்பதும் போதாது, வீறிட்டு அழும் எந்தக் குழந்தையின் பறையும் சிவந்துதான் இருக்கும். மருத்துவர் தேடுவது பிதுக்கத்தை. அதற்குக் குழந்தையை அம்மாவின் மடியில் பக்கவாட்டில் உட்கார வைத்து, தலையை மார்போடு அணைத்துப் பிடிக்கச் சொல்லி, காது மடலைப் பின்னும் கீழுமாக இழுத்து, துவாரத்தை மறைக்கும் குறும்பியை அகற்றி, ஓட்டோஸ்கோப்பின் வெளிச்சத்தில் பறையைப் பார்க்க வேண்டும். துள்ளுகிற பிள்ளையிடம் இதற்குப் பொறுமையும் வேண்டும், நேரமும் வேண்டும். நூறு டோக்கன் போட்ட மாலைநேர கிளினிக்கில் இரண்டும் அரிது. பெற்றோர் தங்கள் பங்குக்கு ஒரு பழைய டைரியில் தேதி, எந்தக் காது, காய்ச்சல் எவ்வளவு, மருத்துவர் பறையைப் பார்த்தாரா, என்ன சொன்னார், என்ன மருந்து என்று ஒவ்வொரு முறையும் ஒரு வரி எழுதிவைத்தால், ஆறு மாதம் கழித்து இ.என்.டி. மருத்துவர் முன் உட்காரும்போது அந்த ஒரு பக்கம் எந்த ஸ்கேனையும்விட உதவும்.

இனி ஆன்டிபயாடிக். திரும்பத் திரும்ப வரும் நோய்க்குத் திரும்பத் திரும்ப அதே சிரப் என்பதுதான் வழக்கமான முடிவு. பல நாட்டுச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் ஆய்வு வேறு படம் காட்டுகிறது. மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் 60 விழுக்காடு குழந்தைகளுக்கு 24 மணி நேரத்தில் வலி அடங்கிவிட்டது. இரண்டு, மூன்று நாள் கழித்துப் பார்த்தால், 20 பேருக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் ஒருவருக்குக் கூடுதலாக வலி தீர்கிறது. 14 பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்குக் கூடுதலாக வாந்தி, பேதி, தடிப்பு வருகிறது. மூக்கு வழி வந்த வைரஸ் சளியின் வால்தான் இது என்பதால், சளி வடிந்து குழாய் திறந்ததும் உடம்பே பெரும்பகுதி வேலையை முடித்துக்கொள்கிறது. இதை வைத்துத்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2013இல் வயதுவாரியாக ஒரு கோடு போட்டது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்குக் காத்திருக்கக் கூடாது. காய்ச்சல் 39 டிகிரி செல்சியஸை எட்டினால், வலி கடுமையாக இருந்தால், சீழ் வடிந்தால், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இரண்டு காதிலும் தொற்று இருந்தால் மருந்து உடனே. மற்றபடி வலிக்கு மட்டும் மருந்து கொடுத்து இரண்டு, மூன்று நாள் பார்க்கலாம். காத்திருப்பது என்றால் குழந்தையை அழவிடுவது என்று அர்த்தமில்லை. பாராசிட்டமாலை ஒழுங்கான அளவில் கொடுப்பதுதான் அந்த ராத்திரிக்கான உண்மையான சிகிச்சை, அதில்தான் வீடுகள் அதிகம் சறுக்குகின்றன. ஒரு வேளைக்கு எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்பது மருத்துவர்கள் போடும் கணக்கு. 10 கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம். 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 6 மில்லி, 5 மில்லியில் 250 உள்ள சிரப் என்றால் 3 மில்லி. இரண்டு பாட்டிலும் ஒரே அலமாரியில், ஒரே நிறப் பெட்டியில் நிற்கும். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ‘ஒரு மூடி’ கொடுத்தார்கள் என்பதால் நாமும் ஒரு மூடி கொடுப்பது, பாதி அளவில் வலியோடு விடுவதாகவோ இரட்டை அளவில் ஈரலைப் பதம் பார்ப்பதாகவோ முடியலாம். ஆன்டிபயாடிக் தேவைப்பட்டு ஆரம்பித்துவிட்டால் இன்னொரு சறுக்கல்: மூன்றாம் நாள் குழந்தை விளையாடத் தொடங்கியதும் பாட்டில் ஃப்ரிட்ஜின் பின்வரிசைக்குப் போய்விடுகிறது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு 5 நாள் மருந்தையும் 10 நாள் மருந்தையும் ஒப்பிட்டு 2016இல் வெளியான சோதனையில், 5 நாளில் நிறுத்தியவர்களில் 34 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை பலிக்கவில்லை. 10 நாள் முடித்தவர்களில் அது 16 விழுக்காடுதான்.

‘அமெரிக்காவுக்கும் ஹாலந்துக்கும் சரி, இங்கே பொறுத்திருந்து பார்க்கச் சொன்னால் குழந்தை மறுபடி கிளினிக்குக்கு வராமலே காணாமல் போய்விடும்’ என்பது நம் மருத்துவர்கள் சிலர் சொல்லும் மறுப்பு. இது லேசாகத் தள்ளக்கூடியது அல்ல. இந்தச் சிக்கனத்துக்கு முன்னோடியான நெதர்லாந்தில், தொற்று காதின் பின்னெலும்புக்குப் பரவும் மாஸ்டாய்டைடிஸ் மற்ற நாடுகளைவிடச் சற்று அதிகமாகவே பதிவானது. ஆனால் அந்த அபாயத்தின் அளவையும் பார்க்க வேண்டும். பிரிட்டனின் பொதுமருத்துவப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், ஒரேயொரு குழந்தையை மாஸ்டாய்டைடிஸிலிருந்து காக்க 4,831 காதுத் தொற்றுகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டார்கள். அத்தனை பாட்டில்களின் விலை பணத்தில் மட்டும் இல்லை. அதே குழந்தைக்கு நாளை நிமோனியா வரும்போது அதே மருந்து கேட்காமல் போவதும் அந்த விலையில் சேர்த்தி. அரைநாள் கூலியை விட்டுவிட்டு மறுபடி வர முடியாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. அமெரிக்காவில் ஓர் அவசரப் பிரிவில் நடந்து 2006இல் வெளியான சோதனையில், மருந்துச்சீட்டைக் கையில் கொடுத்து, ‘48 மணி நேரத்தில் குறையவில்லை என்றாலோ கூடினாலோ மட்டும் வாங்குங்கள்’ என்று சொல்லி அனுப்பினார்கள். அவர்களில் 62 விழுக்காட்டினர் கடைசிவரை வாங்கவே இல்லை. சீட்டு இருக்கிறது என்ற தைரியம் போதுமானதாக இருந்தது. ஒருமுறை வந்து போகவே பேருந்துக் கட்டணம் யோசிக்கும் குடும்பத்துக்கு இது நன்றாகவே பொருந்தும். கூடவே, எதைக் கண்டால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது என்பதையும் சொல்லி அனுப்ப வேண்டும்: காதுக்குப் பின்னால் வீங்கி மடல் முன்னே தள்ளி நிற்பது, முகம் ஒருபக்கம் கோணுவது, கழுத்து விறைப்பது, எழுப்பினாலும் எழாமல் குழந்தை மயங்கிக் கிடப்பது.

இங்கே பயப்பட வேண்டிய ஒன்று உண்மையிலேயே இருக்கிறது, அதற்குத்தான் யாரும் பயப்படுவதில்லை. வலியில்லாமல் மாதக்கணக்கில் காதில் சீழ் ஒழுகுவது. ‘அவனுக்குக் காது எப்பவும் ஒழுகும், வளர்ந்தா சரியாயிடும்’ என்று விட்டுவிடுகிறோம். உலக சுகாதார நிறுவனம் 2004இல் வெளியிட்ட அறிக்கை, இந்த நாட்பட்ட சீழ்க் காது உலகில் 6.5 கோடி முதல் 33 கோடி பேருக்கு இருக்கலாம் என்றும், அவர்களில் 60 விழுக்காட்டினருக்குக் கேட்கும் திறன் குறைந்திருக்கிறது என்றும் சொன்னது. பாதிப்பு மிக அதிகமான நாடுகளின் வரிசையில் இந்தியாவை வைத்தது. கிழிந்த பறை மூடாமல் நின்றுவிட்டால், அப்போதுதான் வெளிக்காதிலிருந்து போகும் எல்லாமே நடுக்காதுக்குள் இறங்கும். குளிக்கும் தண்ணீர்கூட. இந்த ஒரு கட்டத்தில் மட்டும் தண்ணீர் மேல் பழி போடலாம், எண்ணெய் மேல் இன்னும் அதிகமாகப் போடலாம். பூண்டு எண்ணெய், துளசிச் சாறு, ஊமத்தை இலைச் சாறு, தாய்ப்பால், காது குடையும் கோழி இறகு எல்லாம் ஓட்டை வழியே நேராக உள்ளே போய்ப் புதுக் கிருமிக்குச் சோறு போடுகின்றன. மருந்துக் கடையில் கேட்டவுடன் கிடைக்கும் சில சொட்டு மருந்துகளும் ஆபத்துதான். ஜென்டாமைசின், நியோமைசின் வகையறா, பறையில் ஓட்டை இருந்தால் உட்காதின் நரம்புச் செல்களையே கெடுக்கக்கூடியவை. இரண்டு வாரத்துக்கு மேல் ஒழுகும் காதுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் முறை எளியது. உறிஞ்சக்கூடிய சுத்தமான பருத்தித் துணியைத் திரிபோல உருட்டி, காதுத் துவாரத்தில் மெல்ல வைத்து, நனைந்ததும் எடுத்து எறிந்துவிட்டு அடுத்த திரி. உலர்ந்து வரும்வரை இப்படி, நாளைக்கு மூன்று வேளை. உலர்ந்த காதில் மருத்துவர் எழுதிய குயினோலோன் வகைச் சொட்டு மருந்து, இரண்டு வாரம். நனைந்த காதில் விடும் சொட்டு சீழோடு சேர்ந்து வெளியே வந்துவிடும் என்பதால் திரி வைப்பதுதான் பாதி மருந்து. தீபத் திரி உருட்டத் தெரிந்த கைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பஞ்சை மட்டும் உள்ளே விட்டு அடைத்து வைக்கக் கூடாது.

வாசல் மூக்கு என்றால் தடுப்பும் மூக்கைச் சுற்றித்தான் இருக்க வேண்டும். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தைகளுக்கு முதல் இரண்டாண்டில் காதுத் தொற்று ஏறத்தாழ 40 விழுக்காடு குறைவு என்று ஆய்வுத் தொகுப்பு ஒன்று காட்டியது. புட்டிதான் என்றாலும் தலையை உயர்த்தி மடியில் வைத்துக் கொடுக்கலாம். பழைய பாலாடையும் சங்கும் இதில் புட்டியைவிட புத்திசாலிகள், ஏனெனில் குழந்தையை மடியில் சாய்த்துப் பிடிக்காமல் அவற்றால் கொடுக்கவே முடியாது. நிமோகாக்கஸ் தடுப்பூசி இந்தியாவின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் 2017இல் சில மாநிலங்களில் நுழைந்து, 2021இல் தமிழ்நாடு உட்பட நாடு முழுவதும் வந்தது. ஆறாம் வாரம், பதினான்காம் வாரம், ஒன்பதாம் மாதம் என மூன்று ஊசி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். நிமோனியாவுக்காக வந்த ஊசி என்றாலும் காதுக்கும் ஓரளவு கைகொடுக்கிறது. எல்லாக் கிருமிக்கும் எதிராக அல்ல என்பதால் அதிசயத்தை எதிர்பார்க்க வேண்டாம். வீட்டில் புகைபிடிப்பவர் இருந்தால் குழந்தைகளுக்கு நடுக்காது நோய் கூடுகிறது என்பது பல நாடுகளில் உறுதியான செய்தி. ஆனால் நம் வீடுகளில் பீடி, சிகரெட்டைப் பற்றிப் பேசுவதற்குள் குளித்த குழந்தையைச் சாம்பிராணிக் கூடைக்கு மேலே தூக்கிப் பிடித்திருப்பார்கள். மணம் நமக்கு, உறுத்தலில் வீங்குவது மூக்கின் உட்சவ்வு. குளிப்பாட்டும்போது மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட்டு ஊதியெடுக்கும் வழக்கமும் அப்படியே. எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வந்த குழந்தைகளைத் தென்னிந்திய மருத்துவமனைகள் பார்த்திருக்கின்றன. ஐஸ்கிரீம், வாழைப்பழம், ஃபேன் காற்று பற்றிய விசாரணையை இந்த இடத்தில் முடித்துக்கொள்ளலாம். அவற்றின் மேல் குற்றம் நிரூபணமாகவில்லை. மிச்சம் இருப்பது ப்ளேஸ்கூல். பிள்ளைகள் கூடும் இடத்தில் சளி கூடும், சளி கூடினால் காதுவலி கூடும். கணக்கு சரிதான். ஆனால் வேலைக்குப் போகும் அம்மாவிடம் ‘ஸ்கூலை நிறுத்து’ என்று சொல்லிவிட்டு எழுந்துபோவது, குளிப்பாட்டியவளைக் குற்றம் சொல்வதன் நகரத்து வடிவம். முடிந்தவர்கள் ஒரு வருடம் தள்ளிப்போடலாம், அல்லது குறைவான பிள்ளைகள் இருக்கும் இடம் பார்க்கலாம். முடியாதவர்கள் ஓரிரண்டு மழைக்காலங்களைக் கடந்துதான் ஆக வேண்டும்.

இவ்வளவு எதற்கு, காதில் குழாய் வைத்தால் தீர்ந்துவிடாதா? க்ரொமெட் எனப்படும் கடுகளவுக் குழாயைச் செவிப்பறையில் பொருத்தும் முறையை 1954இல் அமெரிக்க மருத்துவர் பெவர்லி ஆர்ம்ஸ்ட்ராங் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். மயக்க மருந்து கொடுத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்தபடி பறையில் சிறு கீறல் போட்டு, தேங்கிய நீரை உறிஞ்சியெடுத்துவிட்டு வைப்பார்கள். அடைபட்ட யூஸ்டேகியன் குழாய்க்குப் பதிலாக நடுக்காதுக்கு மாற்று ஜன்னல். ஆறு மாதம் முதல் ஒன்றரை வருடத்தில் பறை வளர்ந்து அதைத் தானே வெளியே தள்ளிவிடும். கேட்கவே நியாயமாக இருக்கிறது. ஆனால் திரும்பத் திரும்பத் தொற்று வந்த 250 குழந்தைகளில் ஒரு பாதிக்குக் குழாய் வைத்தும், மறுபாதிக்கு வரும்போது மட்டும் ஆன்டிபயாடிக் கொடுத்தும் இரண்டாண்டு கவனித்த சோதனை 2021இல் வெளியானபோது, ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு வந்த தொற்று முதல் பிரிவில் 1.48, இரண்டாம் பிரிவில் 1.56. வித்தியாசம் என்று சொல்ல ஏதுமில்லை. குழாய் வைத்தவர்களுக்கு அடுத்த தொற்று கொஞ்சம் தாமதமாக வந்தது. காது ஒழுகிய நாட்கள் அதிகமாக இருந்தன. மருந்துப் பிரிவில் கணிசமானோர் நடுவில் குழாய்க்கு மாறியதும் உண்மை, ஆகவே குழாய் யாருக்குமே உதவாது என்று இதிலிருந்து வாதிட முடியாது. மற்றபடி ஆரோக்கியமான குழந்தைக்கு, தொற்று அடிக்கடி வருகிறது என்ற ஒரே காரணத்துக்காக அவசர அவசரமாக ஆபரேஷன் தியேட்டருக்குப் போக வேண்டியதில்லை என்பதற்கு அது போதும். இரண்டு பிரிவிலுமே வயது ஏற ஏறத் தொற்று குறைந்தது. வளர்ந்த யூஸ்டேகியன் குழாயின் வேலை அது.

க்ரொமெட்டுக்கு நியாயமான இடம் வேறு, அதுதான் இந்த நோயில் நாம் கண்வைக்க வேண்டிய இடமும். தொற்று தீர்ந்து, காய்ச்சல் போய், குழந்தை ஓடியாடும்போதும் பறைக்குப் பின்னால் நீர் தங்கிவிடுகிறது. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் பத்தில் நான்கு குழந்தைகளிடம் அது இருக்கும், மூன்று மாதம் கழித்தும் பத்தில் ஒருவரிடமாவது இருக்கும். வலி இல்லை, காய்ச்சல் இல்லை, ஆகவே யாரும் பார்ப்பதும் இல்லை. காற்று இருக்க வேண்டிய அறையில் பசைபோன்ற நீர் இருந்தால் கேட்கும் அளவு சராசரியாக 25, 30 டெசிபெல் குறைகிறது, விரலால் இரண்டு காதையும் லேசாகப் பொத்திக்கொண்டு பேச்சைக் கேட்பதுபோல. சத்தம் கேட்கும், சொல் தெளியாது. பேச்சுத் தமிழில் ‘வந்தான்’ என்பதற்கும் ‘வந்தா’ என்பதற்கும் நடுவில் இருப்பது ஒரு மெல்லிய மூக்கொலிதான். இந்தப் பசையில் முதலில் மூழ்குவது அதுபோன்ற ஒலிகள். தொற்றுகள் அடுத்தடுத்து வந்தால் ஒரு நீர் வடிவதற்குள் அடுத்தது சேர்ந்து, பேச்சுக் கற்கும் வருடங்களில் பல மாதங்கள் இப்படியே கழியும். டிவியின் அருகில் போய் உட்காருவது, முதுகுப்புறமிருந்து கூப்பிட்டால் திரும்பாதது, ‘ஆங்?’ என்று எதற்கும் கேட்பது எல்லாம் அடம் என்றும் கவனக்குறைவு என்றும் பெயர் வாங்கிக்கொள்ளும். எல்.கே.ஜி. டீச்சரின் புகார் நோட்டில் அது வேறு வார்த்தையில் இருக்கும்.

இதிலும் பதற்றத்துக்கு அவசியமில்லை என்று சொல்லும் சான்று உண்டு. நீர் நீடித்துத் தங்கிய மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு உடனே க்ரொமெட் வைத்து, மறுபிரிவை ஒன்பது மாதம்வரை காக்க வைத்து, பள்ளிப் பருவம்வரை தொடர்ந்த பிட்ஸ்பர்க் ஆய்வில், மொழியிலும் படிப்பிலும் இரு பிரிவுக்கும் வேறுபாடு தெரியவில்லை. மற்றபடி ஆரோக்கியமான குழந்தையின் மூளைக்குச் சில மாத மங்கல் ஒலியை ஈடுகட்டத் தெரிகிறது. ஆனால் அந்த ஆய்வில் இருந்த குழந்தைகளைத் தவறாமல் யாரோ பரிசோதித்துக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் காத்திருந்தது கண்காணிப்போடு. நம் பிள்ளைகளில் பலர் காத்திருப்பது யாரும் பார்க்காமல். அன்னப்பிளவு உள்ள குழந்தை, டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தை, ஏற்கெனவே பேச்சு தாமதமான குழந்தை ஆகியோருக்கு இந்த நிதானமும் பொருந்தாது. அவர்களை முதலிலேயே காது மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். மற்றவர்களுக்கு, கடைசித் தொற்றுக்குப் பிறகு பறையை மறுபடி ஒருமுறை பார்ப்பதும், நீர் மூன்று மாதம் தாண்டினால் கேட்கும் திறனைச் சோதிப்பதும் போதும். இரண்டு காதிலும் நீர் நின்று, சோதனையிலும் குறைவு தெரிந்தால், க்ரொமெட் பற்றிப் பேச அதுவே நேரம். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் பட்டியலில் நடுக்காது நோயும் கேட்கும் குறையும் இருக்கின்றன. அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் அதன் குழுவிடம் ‘காது அடிக்கடி ஒழுகும்’ என்ற ஒரு வாக்கியத்தைச் சொன்னால், மாவட்ட மையத்துக்கு அனுப்பும் சீட்டு கிடைக்கும். அங்கே நடப்பது குழந்தை பயப்படும் சமாச்சாரமில்லை. முதலில் ஒரு சின்ன ரப்பர் முனையைக் காதில் வைத்துச் சில நொடிகள் காற்றழுத்தம் மாற்றுவார்கள். பறை அசைந்தால் கருவி காகிதத்தில் ஒரு குன்று வரையும், பின்னால் நீர் இருந்தால் கோடு படுத்துக்கிடக்கும். மூன்று வயதுப் பிள்ளை என்றால் இன்னொன்று: ஹெட்ஃபோனை மாட்டி, கையில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்து, ‘மணி கேட்டா டப்பாவுல போடு’ என்பார் ஆடியாலஜிஸ்ட். ஒலி குறைந்துகொண்டே போகும். பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு எதுவும் கேட்காது. கட்டை விழுகிறதா என்பதை மட்டும் அவள் பார்த்துக்கொண்டிருப்பாள்.